ஒளியிழை முனையில் சந்தனம்

துகள் இயற்பியல் கட்டுரைகளில் ஆயிரம் பேருக்குப் பெயர் உண்டு. உணர்கருவியின் தரவை மின்னல் வேகத்தில் வெளியே அனுப்பும் மின்சுற்றுப் பலகையைப் பற்றவைத்து, துடைத்து, சோதிப்பவளுக்கு இல்லை. நாகர்கோவிலை அடுத்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவள் பெயர் ஸ்டெல்லா. குளச்சல்காரி, ஐ.டி.ஐ. படித்தவள், ஒப்பந்தப் பணியாளர். நான் ஆய்வு மாணவி. பழுதான பலகையோடு மல்லாடியே இளமையைத் தொலைத்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

முதுகலை விரல்

தரவு செல்வது தலைமுடியளவு ஒளியிழையில். அதன் முனையில் ஒரு தூசி போதும், எல்லாம் சிதறும். முதல் வாரமே அம்முனையை நான் விரலால் தொட்டேன். ஸ்டெல்லா அதை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள்.

"எக்கா, காலையில தோசையா? எண்ணெ கொஞ்சம் கூடுதலாக்கும்."

எழுபத்தோராம் மணி

எழுபத்திரண்டு மணி நேரம் ஒரு பிழையும் இன்றித் தரவு ஓடினால்தான் பலகை தேறும். எழுபத்தோராம் மணியில் மின்வெட்டு. யுபிஎஸ்ஸைத் தேடினால், கல்லூரி ஆண்டுவிழா மைக்செட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எலக்ட்ரீஷியனிடம் கத்தினேன்.

"மக்கா, மைக்கு நின்னா ஊருக்கே தெரியும். உனக்க டேட்டா நின்னா யாருக்குத் தெரியும்?"

ஆயுத பூஜை

மறுசோதனைக்குப் பன்னிரண்டு பலகைகள். அத்தனையும் தேறினால் ஸ்டெல்லாவின் ஒப்பந்தம் நீளும். ஒன்று தவறினாலும் அதோடு முடிந்துவிடும். இடையில் ஆயுத பூஜை வந்தது. துறைத்தலைவர் மிகுந்த பக்தியோடு ஒவ்வொரு பலகைக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். நெற்றி என்று அவர் தேர்ந்த இடம், ஒளியிழை செருகும் துளை.

பன்னிரண்டும் தோற்றன. ஸ்டெல்லா இரண்டு நாள் குனிந்தே இருந்து ஒன்பதைத் துடைத்து மீட்டாள். மூன்று மீளவே இல்லை.

"எக்கா, பொட்டு வச்சது சரி. அதுக்க கண்ணுலயா வைக்கது?"

அறிக்கை

"காரணம்: கையாளுதல் பிழை. பொறுப்பு: ஸ்டெல்லா." பலகைகளுக்குக் காத்திருந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்குத் துறைத்தலைவர் எழுதியது. அத்திட்டத்தின் தாள்களில் அவள் பெயர் அச்சேறிய ஒரே இடம் அது. பொட்டு வைத்தவர் நீங்கள் என்று துறைத்தலைவரின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பேனாவை என் பக்கம் நகர்த்தினார். என் ஆய்வேடு அவர் மேசையில் கிடந்தது.

"பூஜைன்னு எழுதினா வெளிநாட்டுக்காரன் சிரிப்பாம்மா. அவ பேரப் போட்டா ஏன்னு கேக்க ஆளில்ல."

கையெழுத்திட்ட நான் முனைவரானேன். ஸ்டெல்லா திங்கள்சந்தையில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள், அங்கே பகல் முழுவதும் உட்காரக் கூடாதாம்.