மருந்து டப்பா மூடி

நோட்டுக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் மகள் வெலவெலத்துப்போய் வந்த அன்றுதான்.

"நான் தும்மினாக்கூட எழுதறா, அத்தை."

மருந்து ஏற்றும் மெஷின் செய்கிற கம்பெனி, வார்டில் வேலை நடப்பதைப் பார்த்து நோட்டில் எழுதிவர அந்தப் பெண்ணை அனுப்பியிருந்தது. நிறுத்தும் பொத்தானில் தவறிக் கை பட்டாலே நின்றுவிடும் மெஷின் அது. அதனால் நாத்தனார் மகள் அந்தப் பொத்தான் மேல் ஒரு மருந்து டப்பா மூடியை ஒட்டியிருந்தாள். மெஷினில் எதையும் ஒட்டக் கூடாதென்பது ஆஸ்பத்திரி விதி. நோட்டுக்காரி அதையும் எழுதிவிடுவாளோ என்ற பயத்தில் மூடியைப் பிய்த்துவிட்டாள்.

மறுநாள் நோட்டுக்காரி கேட்டாள். "மூடி எங்க, சிஸ்டர்?"

"எழுதிடாதீங்க மேடம். வேலை போயிடும்."

"உங்க பேர எழுதல. மூடியத்தான் வரைஞ்சிருக்கேன்."

நம்பாமல் இவள் மாதக்கணக்கில் நடுங்கினாள். பிறகு அந்தக் கம்பெனியின் புது மெஷின், பொத்தான் மேல் மூடியோடு வந்தது.

நோட்டுக்காரி இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.