நன்றிப் பக்கத்தில் இல்லாத கத்தரிக்கோல்

ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஆறு பேர் நெருக்கிப் படுத்த ஓர் அறையில் கனடா வாழ்க்கையைத் தொடங்கிய நான், ஏழு வருடத்துக்குள் ஸ்காபரோவில் இருபத்திரண்டு மெஷின் ஓடும் தையல் பட்டறையை உண்டாக்கினேன். முதல் மெஷின் யாரோ குப்பைக்கு வைத்தது. அதை நானே கழற்றிப் பூட்டினேன். பனியில் வான் ஓட்ட உன்னால் ஏலாது என்றார்கள், ஓட்டினேன். கைப்பிள்ளையை விட்டுப் பட்டறைக்கு வர முடியாத பெண்களுக்கு வீட்டிலேயே தைக்கத் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். பிக்கரிங்கில் வீடு வாங்கினேன். இத்தனைக்கும் நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துப் புத்தகம் ஒன்றையும் ஓடவைத்தவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்து, அரசாங்கத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. வேலை போன பெண்கள் அங்கே வீட்டில் இருந்து தைத்தார்கள். இங்கே நம்முடைய பெண்களும் அதையேதான் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொறன்ரோப் பேராசிரியை ஒருவரும் பல்கேரியாவிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். பெண்ணியம், அபிவிருத்தி என்ற சொற்களை நான் முதலில் கேட்டது அவர்கள் வாயிலிருந்துதான். மொழிபெயர்க்க, யாழ்ப்பாணத்தில் படிப்பித்த ஓர் ஆசிரியையை வைத்திருந்தார்கள்.

அவர்கள் என்னிடம் வந்தபோது அரை வருடம் வீணாகிப் போயிருந்தது. நூலகத்தில் ஓர் அறை எடுத்து, தேநீரும் பிஸ்கட்டும் வைத்து, இரண்டு சனிக்கிழமை காத்திருந்தார்கள். வந்தது ஒரே ஒரு பெண். அவரும் தாயைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் செய்கிற படிவம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவர். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கசெற்றில் பதிந்தார்கள்.

“பன்னிரண்டு கசெற் இருக்கு அண்ணை,” என்றார் ஆசிரியை. “எல்லாத்திலயும் ஒரே மாதிரிக் கதைதான். தையலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.”

ஒன்றைப் போட்டுக் காட்டினார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த ஊர், இடம்பெயர்ந்த திகதி, கொழும்பு லொட்ஜ், விமானம் ஏறிய நாள். வரிசை பிசகவில்லை.

“ரீச்சர், உது அகதி வழக்குக்குச் சொன்ன கதை. லோயர் முன்னாலை இருத்திப் பத்துத் தரம் சொல்லிப் பழக்கினது. பொய்யில்லை, நடந்ததுதான். ஆனா மேசையும் படிவமும் ரேப் றெக்கோடரும் கண்டா எங்கடை சனத்துக்கு அதுதான் வாயிலை வரும். நீங்களும் அப்பிடித்தானே சொல்லியிருப்பியள்?”

ஆசிரியை கசெற்றை நிறுத்தினார். “ஓம் அண்ணை. எனக்கு இப்பவும் மனப்பாடம்.”

பேராசிரியைக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்னேன்: படிவத்தை வீட்டில் விடுங்கள். வெள்ளிக்கிழமை என் வானில் ஏறுங்கள். ஆளுக்கொரு கத்தரிக்கோல் தருவேன். தைத்து முடித்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஒன்பதாம் மாடியில் முதல் வீடு. பல்கேரியாக்காரி சப்பாத்தைக் கழற்றி, கேளாமலே நிலத்தில் இருந்து, மடியில் உடுப்பைப் போட்டு நூல் வெட்டத் தொடங்கினார். அவருடைய தாய் பின்னலாடைத் தொழிற்சாலையில் இருந்தவராம். அந்தக் கையைப் பார்த்ததும் வீட்டுக்காரிக்குத் தயக்கம் போய்விட்டது.

“ரீச்சர், உவவிட்டைக் கேளுங்கோ. ஃபெக்டரியைப் பூட்டினாப்போலை இவையின்ரை புருசன்மார் என்ன செய்தவை? சமைக்கப் பழகினவையோ?”

ஆசிரியை கேட்டுச் சொன்னார்: “இல்லையாம். குடிக்கப் பழகினவையாம்.”

“அப்ப எங்கடை ஆக்கள்தான்! நிறம்தான் வேறை.”

நான்கு பெண்களும் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த பிள்ளை எழும்பிவிட்டது. பேராசிரியை கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். அதன் பிறகு அந்த வீட்டுக்காரியை நிற்பாட்ட ஏலவில்லை. முதுகு வலி, துணி ஓரம் தைக்கும் ஓவர்லொக் மெஷின் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரன் கதவு தட்டுவது, புருசன் அதை வேலை என்றே கணக்கெடுக்காதது, எல்லாம் வந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“இந்த அண்ணையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வெள்ளி பின்னேரம் துணிப் பண்டிலை எறிஞ்சிட்டு, திங்கள் காலமை வேணும் எண்டுவார். சனி ஞாயிறு இவருக்கு மட்டும்தான் இருக்கு.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். “மொழிபெயர்க்கட்டோ அண்ணை?”

“செய்யுங்கோ,” என்றேன். கதவடியில் சப்பாத்துகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. வேலை தந்த கொம்பனிக்காரன் என் கழுத்தில் கத்தி வைத்தான். நான் அவர்கள் கழுத்தில் வைத்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் அவர்களை ஏற்றிப் போனேன். பல்கேரியாக்காரி ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கத்தரிக்கோல் கேட்டு வாங்கிப் போனார். அங்கேயும் வேலை போன பெண்களுடன் இருந்து அப்படியே நூல் வெட்டிக் கதை கேட்டாராம்.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. வெளியீட்டுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது என்பதால் பக்கத்தில் இருந்த ஆசிரியை வாசித்துச் சொன்னார். முறை பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது: கைவேலைக்கு நடுவே உரையாடுதல், ஆய்வுக் குழு உருவாக்கியது.

“ஆய்வுக் குழுவோ?”

“அப்பிடித்தான் கிடக்கு அண்ணை. ஆனா நீங்களும் புத்தகத்திலை இருக்கிறியள்.”

“எங்கை?”

“இடைத்தரகர் எண்டு. கன இடத்திலை.”

“நன்றிப் பக்கத்திலை?”

ஆசிரியை விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். பணம் கொடுத்த நிறுவனம், தட்டச்சு செய்தவர், மொழிபெயர்த்த அவர், ஒரே ஒரு பெண் வந்த அந்த நூலகத்து அறை. நான் இல்லை. ஆசிரியையால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நான் கேக்காமல் விட்டிட்டன் அண்ணை,” என்றார்.

அன்றைக்கே பேராசிரியையிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் சிவந்துபோய், என் கையைப் பிடித்துக்கொண்டு, விதி ஒன்று சொன்னார்: ஆய்வுக்கு உட்பட்டவர்களின் பெயர் வெளியில் வரக்கூடாது.

“நான் உட்பட்ட ஆளோ? அப்ப வான் ஓட்டினது ஆர்? பன்னிரண்டு கசெற்றும் பிழை எண்டு சொன்னது ஆர்?” என்று என் உடைந்த இங்கிலீஷில் கேட்டேன். யாரோ வந்து படம் எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ரொட்டித் துண்டில் வைத்த ஏதோ தந்தார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது அந்தப் புத்தகம் பல்கேரிய மொழியில் வரப்போகிறதாம், இங்கேயும் மறுபடி அச்சாகிறதாம். ஆகையால் இதை எழுதி வைக்கிறேன். இடைத்தரகர் என்பதை எடுக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைப் பண்டிலும் இருக்கட்டும், அந்தப் பெண் சொன்ன ஒரு சொல்லும் குறைய வேண்டாம். பெயர் போடக்கூடாது என்றால் பெயரும் வேண்டாம். ஆனால் முறை பற்றிய அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வரி வர வேண்டும்: படிவத்தை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கச் சொன்னவர் ஸ்காபரோவில் தையல் பட்டறை வைத்திருந்த ஒருவர். நன்றிப் பக்கத்தில் நூலக அறைக்கு மேலே என் வானையும் போடுங்கள். அதில்தான் ஆட்கள் இருந்தார்கள்.