காதுக்குப் பின்னால் இருந்த கறுப்புப் பொருக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூரில் மாமியார், நாத்தனாருடன் இருக்கிறேன். கணவருக்குத் துபாயில் வேலை. போன மழைக்காலம் முடிந்த சமயம், ஆடுகளுக்குப் புல் அறுத்து வந்துகொண்டிருந்த எனக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே நாளைக் கடத்தினேன்.

ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. வலது கண்ணை மூட முடியவில்லை.

"காத்து அடிச்சிருக்கு. எண்ணெய் தேச்சா சரியாயிரும்" என்றார் மாமியார்.

"எண்ணெயெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். கிளம்புங்க மயினி" என்று நாத்தனார் என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா என் கூந்தலை விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், தீ சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. "புல்லுல இருக்குற உண்ணி கடிச்சு வந்த காய்ச்சல்மா. முக நரம்பையும் பாதிச்சிருக்கு" என்றவர், மாத்திரையோடு மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

மருந்தில் காய்ச்சல் விட்டது. கோணிய முகம் உடனே திரும்பவில்லை. கணவர் கூப்பிட்டால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினேன்.

ஒருநாள் அவர், "எதுக்கு மறைக்கே? தங்கச்சி சொல்லிட்டா. மூஞ்சியக் காட்டு" என்றார். காட்டினேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

கண்ணாடி முன் உட்கார்ந்து செய்த பயிற்சியில் உதடு பைய நேரானது. களைத்துப்போனால் கண் மட்டும் இன்னும் சிறுத்துவிடும்.

இப்போதெல்லாம் புல் அறுத்து வந்ததும் குளித்துவிட்டு, நானும் நாத்தனாரும் ஒருவர் தலையை ஒருவர் விலக்கிப் பார்த்துக்கொள்கிறோம். காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். அங்கே நான் முதலில் சொல்வது, "நான் புல்லு அறுக்கப் போறவ."