ஒரு பெல்லுக்கு நிற்கும் கோர்ட்டு

மீட்டிங் என்றாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிய நேரம்தான் எனக்கு அதிகம். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வரும், ‘எல்லாரும் ஒருங்கிணைந்து செயல்படுவோம்’ என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோலார் தங்க வயல் கோர்ட்டில் ஒரு சின்னப் பெண் சாட்சி சொல்லப்போகிறாள், அதைக் கன்னடத்தில் சொல்ல ஆள் வேண்டும், அதற்கு முன்னால் ஒரு சின்ன மீட்டிங் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டேன். மீட்டிங்குக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனேன்.

விஷயம் இதுதான். பங்காருபேட்டையில் ஒரு அக்காவும் தங்கையும். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. அம்மாவும் அப்பாவும் இறந்துபோன பிறகு தாய்மாமன் வீட்டில் இருந்தார்கள். மாமன் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். தெருவில் நல்ல பெயர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஊதுபத்தி உருட்ட உட்காரவைத்திருந்தார். உருட்டியது குறைந்தால் அடி. சில நாள் அடித்ததோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டம்மா காய்ச்சலென்று பெரியவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிவந்தபோது, அவள் முன்கையில் ஊதுபத்தியால் சுட்ட தழும்புகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்த குழந்தைகள் டாக்டரம்மா போலீசுக்குச் சொன்னார். இருவரையும் கோலாரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். மாமன், எல்லாமே பொய், என் பிள்ளைகளை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு மனு போட்டிருந்தார். பெரியவள் கோர்ட்டில் வாய் திறக்காவிட்டால் இரண்டு பேரும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அவளுக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை. கடையில் பேரம் பேசும் அளவுக்கு நன்றாகவே பேசுவாள். வலித்ததைச் சொல்ல வரும்போது மட்டும் தமிழ்தான் வந்தது. அதற்குத்தான் நான்.

மீட்டிங் டாக்டரம்மாவின் அறையில் நடந்தது. டாக்டரம்மா, வழக்கை விசாரித்த பெண் சப்-இன்ஸ்பெக்டர், அரசு வக்கீல், நான். நான் எதிர்பார்த்ததுபோலவே முதலில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். டாக்டரம்மா அவளை ‘பேஷண்ட்’ என்றார். சப்-இன்ஸ்பெக்டர் ‘விக்டிம்’ என்றார். வக்கீலுக்கு அவள் ‘முதல் சாட்சி’. பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். என் வாய் அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் அவள் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

“இதுவரைக்கும் எத்தனை பேர் அவள்கிட்ட கேட்டாச்சு. இன்னொரு தடவை கேட்டா அந்தப் பொண்ணு தாங்காது” என்றார் டாக்டரம்மா. கேட்காமல் கேஸ் எப்படி நிற்கும் என்றார் வக்கீல். கேட்கலாம், ஆனால் அவள் போதும் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அதற்கு அவள் கையில் ஏதாவது வழி இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாகச் சொன்னார். கையைத் தூக்கச் சொல்லலாமே என்றார் வக்கீல். சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். “தூக்க மாட்டா சார். நான் பாத்திருக்கேன். தோள் வரைக்கும்கூட கை வராது. எதிர்ல நிக்கிறவங்க கண்ணுக்கே தெரியாது.”

அப்போது டாக்டரம்மா தன் மேஜையிலிருந்த பெல்லை நடுவே நகர்த்தி வைத்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிட உள்ளங்கையால் தட்டுகிற சாதாரணப் பெல். அதைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டருக்கு முகமே மாறிவிட்டது. அவர் தங்க வயல்காரர், தங்கச் சுரங்கம் இருந்த மைசூர் மைன்ஸ் பக்கம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக்கூண்டை நாங்கள் கேஜ் என்போம். அவருடைய அப்பா அந்தக் கேஜுக்கு பெல் அடித்து சிக்னல் கொடுக்கிற வேலையில் இருந்தவராம்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு ஒரு மதியம் பெரியவளை அதே அறைக்கு அழைத்துவந்தபோது, அவர் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து சொன்னார்: “இத பாரு கண்ணு. ஒரு பெல் அடிச்சா கேஜ் நிக்கணும். உள்ள எவ்ளோ பெரிய ஆபீசர் இருந்தாலும் நிக்கணும். ரெண்டு பெல் அடிச்சா இறங்கும். கோர்ட்ல இது உன் கையில இருக்கும்.”

அவள் பெல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஜட்ஜம்மா பேசிக்கினு இருந்தா?” என்றாள்.

“ஜட்ஜம்மா பேசிக்கினு இருந்தாலும் நிக்கணும்.”

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜட்ஜ் சார்பில் போலீஸ் வாக்குக் கொடுத்ததை அவர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் அதை இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, பெல்லுக்கு அனுமதி கேட்டு ஜட்ஜுக்கு மனு எழுதினார். நீளமான கேள்விகளை எல்லாம் உடைத்து, ஒரு மூச்சில் கேட்டு முடிகிற அளவுக்குச் சின்னதாக்கி, அது குழந்தைக்குப் புரியுமா என்று என்னிடம் படித்துக் காட்டினார். கோர்ட்டில் அவர் குரல் வராந்தாவுக்குக் கேட்கும். என் முன்னால் பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு கேள்விகளை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்.

கோர்ட்டு அன்றைக்கு மூடிய அறையில் நடந்தது. மாமன் அவள் கண்ணில் படாதபடி நடுவே பச்சைத் துணித் திரை. மருத்துவமனையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வைக்கிற திரைதான் அது. டாக்டரம்மா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் காக்கி போடாமல் ஒரு நீலச் சேலையில் வந்திருந்தார். சின்னவள் வெளியே பெஞ்சில் இல்லத்து அக்காவோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜம்மா மனுவைப் படித்துவிட்டு மாமனின் வக்கீலைப் பார்த்து, பெல் அடித்தால் நீங்களும் நிற்பீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். பிறகு ஜட்ஜம்மா அவளிடம், நான் பேசுகிறேன், நீ அடித்துப் பார் என்று சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கே உரிய கனமான கன்னடத்தில் ஏதோ சட்டப் பிரிவை வாசிக்கத் தொடங்கினார். நடுவே ‘டிங்’ என்றது. ஜட்ஜம்மா பாதிச் சொல்லில் நின்றார். டைப் அடிப்பவரின் விரல் அப்படியே நின்றது. நின்றுகொண்டிருந்த வக்கீல்கள் அசையவில்லை. மேலே மின்விசிறி மட்டும் ஓடியது.

அந்த அறையில் அத்தனை படித்தவர்களும் அதிகாரம் உள்ளவர்களும், அரிசி மூட்டை உயரம்கூட இல்லாத ஒரு பெண்ணின் உள்ளங்கைக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். மீட்டிங்கைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அப்போது ஞாபகம் வந்தது.

எனக்கும் ஒரு விதி சொன்னார்கள். ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக்கூடாது. அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். சரி, அதிலென்ன என்று நினைத்தேன்.

நம் வக்கீலின் கேள்விகளுக்குப் பெரியவள் தெளிவாகப் பதில் சொன்னாள். பெல்லின் மேல் கையை வைத்திருந்தாளே தவிர அடிக்கவில்லை. பிறகு மாமனின் வக்கீல் எழுந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் வேலையை அவர் செய்தார்.

“பொங்கலுக்குப் புதுப் பாவாடை வாங்கிக் கொடுத்தது யார்?”

“மாமா.”

“காய்ச்சல் வந்தால் மாத்திரை?”

“மாமா.”

“அப்படிப்பட்ட மாமா சுட்டார் என்று சொல்ல உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் சொல்லிக்குடுக்கல சார். பாவாடை வாங்கினதும் அவருதான். சுட்டதும் அவருதான்.”

“எதற்குச் சுட்டாராம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “தங்கச்சிக்கு விரலு சின்னது சார். அவளால உருட்ட முடியாது. அவ தட்டுல கம்மியா இருந்தா, நான் என்துல இருந்து எடுத்து அவ தட்டுல போட்டுடுவேன். அப்போ என் தட்டுல கம்மியாயிடும்.”

நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். ‘என் தங்கைக்கு விரல் சின்னது.’ அது வந்தது. ‘நான் என் தட்டிலிருந்து எடுத்து’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த ‘நான்’ என் வாயில் வரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வகுப்பில் என்னைப் பார்த்தால் பிள்ளைகள் நடுங்குவார்கள். அப்படிப்பட்ட நான் கோர்ட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது பெல் அடித்தது. ஒன்று.

எல்லோரும் நின்றார்கள். டாக்டரம்மா பாதி எழுந்துவிட்டார். நம் வக்கீலின் முகம் வெளிறியது. பெண் உடைந்துவிட்டாள், கேஸ் போயிற்று என்று அவர் நினைத்தது எனக்கே தெரிந்தது. ஜட்ஜம்மா பேனாவை வைத்துவிட்டு, என்னம்மா, போதுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. மிஸ் அழுவுறாங்க. அவங்களுக்குத் தண்ணி குடுங்க” என்றாள்.

அதைக் கன்னடத்தில் சொல்ல வேண்டியவள் நான்தான். என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் மாமனின் வக்கீல்தான், தரையைப் பார்த்தபடி, தணிந்த குரலில் ஜட்ஜம்மாவுக்கு அதைக் கன்னடத்தில் சொன்னார்.

ஜட்ஜம்மா தன் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எனக்குக் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்ததும் பெல்லை இரண்டு முறை தட்டினாள்.

“இப்ப இறங்கலாம்” என்றாள்.

அவளேதான் எங்கள் அத்தனை பேரையும் கீழே கூட்டிக்கொண்டு போனாள். கடைசிக் கேள்வி வரைக்கும் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு பெல் அடிக்கவே இல்லை.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதைச் சகோதரிகளுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கோர்ட்டு வாசலில், இல்லத்து வேன் பக்கத்தில் நின்றபடி சொன்னேன். டாக்டரம்மா, சப்-இன்ஸ்பெக்டர், வக்கீல் மூவரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இனி மாமன் வீட்டுக்குப் போகத் தேவையில்லை, இல்லத்திலேயே இருந்து பள்ளிக்கூடம் போகலாம் என்றேன்.

“ரெண்டு பேருமா?” என்றாள் பெரியவள்.

“ரெண்டு பேரும்தான்.”

சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலோ ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ அவள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. டிரைவர் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவள் அழுது முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றோம்.