நான் கொளுத்திய நூல்

மூன்று வருடம் முன்பு, ஆவணி மாதக் கல்யாண சீசன். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. ஆனாலும் பட்டு விஷயத்தில் நான் டாக்டர் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன்.

மாகறலிலிருந்து ஒரு அம்மா, தன் அண்ணனோடு பஸ் ஸ்டாண்டில் ஏறினார். மடியில் பழைய அரக்கு நிறப் புடவை. இறந்துபோன கணவர் தங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது. அதைத்தான் மகள் மணமேடையில் கட்டப்போகிறாளாம். அதற்கேற்ற ஜாக்கெட் துணி வாங்க வந்திருந்தார்கள்.

"உன் வூட்டுக்காரரு சொன்னது எல்லாமே டூப்பு. இதுவும் டூப்பாதான் இருக்கும்" என்று அண்ணன் சீண்டினார்.

"சும்மா வாண்ணா. அசல் பட்டுன்னு ஆசையா எடுத்துக்கினு வந்தாரு."

என் வாய் சும்மா இருக்குமா? "இங்க குடும்மா, ஒரே நிமிசம்" என்று வண்டியை ஓரங்கட்டினேன். புடவையின் கீழ் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினேன். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாசனை வரும், சாம்பலாக உதிரும். இது உருகிக் குட்டி மணியாகச் சுருண்டது.

"பட்டு இல்லம்மா, நைலான்." ஜட்ஜ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

அண்ணன் சிரித்தார். அந்த அம்மா அழவில்லை. புடவையை மடிக்கப் பார்த்தார்; மடிப்பு நிற்கவே இல்லை. "பொண்ணாண்ட சொல்லிடாதண்ணா" என்றார். துணி வாங்காமலே திரும்பிவிட்டார்கள்.

மத்தியானம் வீட்டில் இதைப் பெருமையாக அளந்தேன். சோறு போட்ட மனைவியின் கை நின்றது.

"எங்கருந்துயா நூலை உருவுன?"

"கீழ் ஓரத்துல."

"அறிவு! அங்க உள்பக்கமா ஃபால்ஸ் துணி வெச்சுத் தெச்சிருப்பாங்க. நீ கொளுத்துனது டெய்லர் நூலுயா!"

சோற்றை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போயிருந்தது. மறுநாள் மாகறலுக்கே போனேன். நாலு வீட்டில் பந்தல். நாலிலும் சாப்பிடச் சொன்னார்கள். அந்த அம்மா எதிலும் இல்லை.

திரும்பி வந்து புலம்பினேன். "சரி, நெசமாவே நைலானா இருந்தா மட்டும்? உன்ன யாரு கேட்டா?" என்றாள் மனைவி.

இப்போது யாராவது புடவையை நீட்டினால், "எனக்குத் தெரியாதுமா" என்று கையைக் கட்டிக்கொள்கிறேன். அது பட்டா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கல்யாண வண்டி எதைப் பார்த்தாலும், அந்தப் பெண் கடைசியில் எதைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்தாள் என்றுதான் மனம் கேட்கிறது.