காது வெட்டிய கடாக்கள்

"அடுத்த மாசத்துலேருந்து வேன் உங்க ஊருக்கு வராதும்மா. ஒரு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்க. இல்லன்னா நின்னுக்க."

மாத்திரை கம்பெனி பேக்கிங்கில் எனக்கு அது ஏழாவது வருஷம். சூப்பர்வைசர் இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு கரையாம்புத்தூரிலிருந்து பஸ் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் போகும். கையில் இருந்தது எட்டு சென்ட் மனையும் பின்பக்கக் கொட்டகையில் நாலு கடாவும்தான்.

பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. குர்பானிக்கு ஆடு கேட்டு பாகூர் கடைவீதி கரீம் பாய் வந்தார். மளிகைக் கடைக்காரர், நிதானமான மனுஷர். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், முகம் மலர்ந்தது. பிறகு காதைத் தூக்கினார்.

"இன்னாம்மா இது, காத வெட்டி வச்சிருக்க?"

எங்கள் தெரு ஆடுகள் எல்லாம் அறுவடை முடிந்த வயலில் ஒன்றாக மேயும். சாயங்காலம் உன் ஆடு, என் ஆடு என்று சண்டை வராமல் இருக்கக் குட்டியிலேயே காதில் அடையாளம் வெட்டிவிடுவோம். எங்கள் வீட்டுக்கு இடது காது நுனியில் ஒரு துண்டு. நன்றாகத் தெரியட்டும் என்று நான் கொஞ்சம் தாராளமாகவே வெட்டியிருந்தேன்.

"குர்பானிக்கு ஊனம் இல்லாம இருக்கணும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கொழம்புல காதா தெரியப்போவுது பாய்?"

"கறிக்குன்னா தெரியாது. இது ஆண்டவனுக்கு. உன் சாமிக்கு அழுவுன தேங்காயா ஒடைப்ப?"

காதைப் பார்த்து மூன்று கடாக்களை வேண்டாமென்று ஒதுக்கினார். நாலாவது கறுப்புக் கடா என் காலை ஒட்டி நின்றது. அதன் இடது காதை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருந்தேன்.

"இதுக்கும் வெட்டிட்டியா?"

"இல்ல பாய். இத இன்னும் வெட்டல."

அவர் தூக்கிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், முழுப் பணத்தையும் கொடுத்தார், பெருநாள் வரை நீயே தீனி போடு என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூன்றும் எடை போட்டுக் கறிக்கடைக்குப் போயின. ஸ்கூட்டி வந்தது, வேலை நிலைத்தது.

ஆடு ஏற்ற ஆட்டோக்காரனை அனுப்புவார், அவன் காதையா பார்க்கப் போகிறான், பெருநாள் வந்துவிட்டால் பாய் விட்டுவிடுவார் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பெருநாளுக்கு முதல் நாள் காலையில் பாயே வந்தார். இந்தத் தடவை மூடுவதற்குக் கை வரவில்லை.

காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"தெரியாம வெட்டுன, அது தப்பே இல்லம்மா. அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆடு பாத்திருப்பேனே. நாளைக்குப் பெருநாள். இப்ப நான் எங்க போவேன்?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை எனக்கு. தவளக்குப்பம் வரை அலைந்து வேறு ஆடு பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். கறுப்பையும் கறிக்கடையில் விற்று, குறைந்த பணத்தைச் சம்பளத்தில் எடுத்து, அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிக் கல்லாவில் போட்டார்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்கள், ஆடு வளர்த்தால் மேல்வருமானம் வருமா அக்கா என்று கேட்கிறார்கள். வரும். காதை வெட்டாதீர்கள், கழுத்தில் கலர் கயிறு கட்டுங்கள். குறை இருந்தால் வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்போது என் கொட்டகையில் ஐந்து கடாக்கள், ஒன்றின் காதிலும் கீறல்கூட இல்லை. பக்ரீத் சமயத்தில் கரீம் பாய் என் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார். அங்கே அவர் காதைத் தூக்கிப் பார்ப்பதில்லை. வாயால் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நம்பிப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.