பீச்சாங்கைக்கு வந்த வேலை

என் கையெழுத்து படுமோசம். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பரீட்சைப் பேப்பரைத் திருத்திய டீச்சர்கள் அத்தனை பேரும் முதலில் என்னைக் கூப்பிட்டு ஒரு மூச்சு திட்டிவிட்டு, அப்புறம்தான் மார்க் போடுவார்கள். அதற்குக் காரணம் நான் இல்லை, என் அம்மா.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பீச்சாங்கை. பலப்பத்தை முதன்முதலாக நான் எடுத்ததே அந்தக் கையால்தான். அம்மா பிடுங்கி வலக்கையில் திணித்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பலப்பம் பழையபடி இடக்கைக்கு வந்துவிடும். கடைசியில் ஒரு பழைய புடவையைக் கிழித்து, என் இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு எழுத உட்கார வைத்தாள்.

"பொம்பளப் புள்ள பீச்சாங்கையால எழுதிகினு இருந்தா, ஊட்டுக்கு வர்றவங்க இன்னாடி சொல்வாங்க?"

அப்படி யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பட்டாபிராமில் ரயில் பாதை ஓரம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கட்டு ஒரு வருஷம் அவிழவில்லை. அதற்குப் பிறகு கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நோட்டைத் திறந்தாலே என் இடக்கை தானாக மடங்கி மடிக்குள் போய்விடும். வலக்கை வேண்டாவெறுப்பாக எழுதக் கற்றுக்கொண்டது.

என் அண்ணனோ நேர் எதிர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும், கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுத வேண்டும் என்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். அவன் எழுதியதைப் பார்த்துவிட்டு என் நோட்டைப் பார்த்தால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் மட்டும் சிரிப்பான்.

"எறும்பு மையில உழுந்து எழுந்து நடந்துகினு போன மாதிரி கீது!"

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவுடன் அம்மா எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடி அட்டைப் பெட்டியில் சாமான் அடுக்க வேண்டும். வேலை கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஒருவரும் கிடையாது. தாத்தா வயல் கூலி. அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், மிலிட்டரி டெப்போவில் மூட்டை தூக்குகிறவர். டைப் படித்து ஆபீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று ஒரு வேளை சாப்பிடாமல் அடம் பிடித்தேன். இரண்டாவது வேளைக்கு நைனா இறங்கி வந்தார்.

"ரெண்டு வருசம் டைம். அதுக்குள்ள ஆபீஸ் வேல வரலன்னா, மூச்சு காட்டாம பேக்கிங்குக்குப் போவணும்."

ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது டைப் இன்ஸ்டிடியூட். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எட்டு மெஷின்கள், கல் உடைக்கிற சத்தம். முதல் நாள் என்னை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். பழக்கதோஷம், என் இடக்கை மடியில் ஒளிந்துகொண்டது. பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார்.

"லெஃப்ட் ஹேண்ட் எங்கேம்மா? அதுதான் முதல்ல. ஏ, எஸ், டி, எஃப். அப்புறம்தான் ரைட் ஹேண்ட்."

அதுதான் முதலில்! பதினேழு வயது வரை என் இடக்கையைப் பார்த்து ஒரு மனிதர்கூட அப்படிச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வாரம் முழுவதும் மற்றவர்கள் இடது சுண்டுவிரல் வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார்கள். என் சுண்டுவிரல் ஏ-யை அடித்த அடியில் பேப்பரில் ஓட்டை விழுந்தது. இங்கிலீஷில் அடிக்கடி வருகிற எழுத்துகளில் பாதிக்கு மேல் இடக்கைப் பக்கம்தான் இருக்கிறது. வரி முடிந்தால் தள்ளுகிற கைப்பிடியும் அந்தப் பக்கம்தான். இந்த மெஷினைச் செய்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

வீட்டில் மெஷினுக்கு எங்கே போவது? ஒரு அட்டையில் கட்டம் போட்டு, அதில் எழுத்துகளை எழுதி, அதன் மேல் விரலை ஓட்டிப் பழகினேன். அந்தக் கட்டங்களில் நான் எழுதியது எனக்கே புரியவில்லை என்பதால் அண்ணன்தான் மறுபடி எழுதிக் கொடுத்தான். ரயிலில் போகும்போது மடியில் வைத்திருந்த டிபன் பாக்ஸ் மேல் அடிப்பேன். பரீட்சை நாளன்று இன்ஸ்டிடியூட் மெஷின்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று சக்கரமும் மூன்று திக்குக்கு இழுத்தது. நாங்கள் பின்னாலேயே ஓடி, மெஷின் விழாமல் பிடித்துக்கொண்டே போனோம். லோயர் பாஸ். ஹையர் ஃபர்ஸ்ட் கிளாஸ். இனி நாற்காலிதான் என்று நினைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் எந்த வேலைக்கு விளம்பரம் வந்தாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: சொந்தக் கையெழுத்தில் விண்ணப்பிக்கவும். டைப்பிஸ்ட் வேலைக்கும் அதே வரிதான். சமையல்காரனைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வேலைக்கு வைப்பார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி எழுதி அனுப்பினேன். ஏழெட்டு இடம் இருக்கும். ஒரு பதில் கார்டுகூட வரவில்லை. இரண்டு வருஷக் கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை. பேக்கிங் கம்பெனியில் அம்மா மறுபடி சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எஸ்டேட்டில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியின் விளம்பரம் வந்தது. அண்ணன் பேனாவை எடுத்தான்.

"நானே எழுதித் தரேன், அனுப்பு."

"சொந்தக் கையெழுத்துன்னு போட்டுக் கீதே?"

"எந்தக் கையா இருந்தா இன்னா? நம்ம ஊட்டுக் கைதானே!"

எங்கள் நாலு பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நைனாகூட தலையாட்டினார். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு அழகான கையெழுத்து இருந்தால் அது எல்லோருக்கும் பொதுதானே என்பதுதான் எங்கள் கணக்கு. அண்ணன் எழுதினான், கடைசியில் நான் என் கிறுக்கலில் கையெழுத்துப் போட்டேன். பத்தே நாளில் நேரில் வரச்சொல்லி கார்டு வந்தது.

மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கையில் அண்ணன் எழுதிய விண்ணப்பம்.

"இவ்வளவு அழகான எழுத்தை நான் பார்த்ததே இல்லம்மா. எங்கே, இதுல ஒரு நாலு வரி எழுதிக் காட்டு."

வருகிற எல்லோரிடமும் அப்படி எழுதி வாங்குவது அவர் வழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? பேனாவை வலக்கையில் பிடித்தேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எது உன்னுது?"

"அது எங்கண்ணன் எழுதினது சார். கீழ கையெழுத்து மட்டும் நான் போட்டது."

"அப்ப உங்கண்ணனையே வேலைக்கு வரச் சொல்லு. நீ போகலாம்."

எழுந்தேன். தப்பு என்னுடையதுதான். வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு மேஜை மேல் உறை போட்ட டைப்ரைட்டர் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு காலி நாற்காலி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"சார், எங்கண்ணனுக்கு டைப் அடிக்க வராது. நீங்க தேடறது டைப்பிஸ்ட்டுதானே? பொய் எழுதிக் குடுத்தது தப்பு. ஒத்துக்கறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க, நெசத்தை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் வாட்சைப் பார்த்தார். போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அஞ்சு நிமிஷம்" என்றார்.

உறையை எடுத்தேன். இரண்டு தாள், நடுவில் கார்பன். கைப்பிடியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன், மெஷின் நல்ல ஜாதி. அப்புறம் ஆரம்பித்தேன். விண்ணப்ப வாசகங்களை இன்ஸ்டிடியூட்டில் எத்தனையோ தடவை அடித்திருந்தேன், அவை விரலிலேயே இருந்தன. அதற்குக் கீழே என் கதையை அடித்தேன். நான் இடக்கைக்காரி, சின்ன வயதில் அந்தக் கையைக் கட்டி வைத்தார்கள், அதனால் எனக்கு எழுத வராது, முதல் விண்ணப்பத்தை எழுதியது என் அண்ணன், இதுதான் நான் எழுதும் விண்ணப்பம். இங்கிலீஷ் இலக்கணம் எப்படியிருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் ஒரு எழுத்து பிசகவில்லை. வரி முடிய மணி அடிக்கும், இடக்கை கைப்பிடியைத் தள்ளும், அடுத்த வரி ஓடும். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் வந்து கதவோரம் நின்றுவிட்டார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. தாளை உருவி அவர் மேஜையில் வைத்தேன்.

"இதான் சார் என் சொந்தக் கையெழுத்து."

வாட்சைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது. தாளைப் படித்தார். அப்புறம் அதைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். எல்லா விரலும் ஒரே அழுத்தத்தில் அடித்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த மனிதர்தான் என்று அப்போது புரிந்தது. தன் பேனாவை நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடு."

வாங்கியது என் இடக்கை. நான் நினைத்துச் செய்யவில்லை, இவ்வளவு நேரம் ஓடின ஓட்டத்தில் அதுவே முன்னால் போய்விட்டது. மாற்றவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அத்தனை பேர் பார்க்க, பீச்சாங்கையாலேயே போட்டேன். கோணல்தான். அதனால் என்ன!

"திங்கட்கிழமை எட்டரைக்கு வந்துடு. இனிமே உனக்காக வேற யாரும் எழுதக் கூடாது, புரிஞ்சுதா?"

ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் பட்டாபிராம் வரை கதவுப் பக்கம் நின்றுகொண்டே வந்தேன். அண்ணன் ஸ்டேஷனிலேயே காத்திருந்தான். நடந்ததைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி! என் எழுத்தாலயே உன் வேல போயிருக்கும்!" என்று கத்திவிட்டு, பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் ஒரு குத்தாட்டம் போட்டான்.

வீட்டில் நைனாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்றேன். மூலையில் கிடந்த எங்கள் வீட்டின் ஒரே நாற்காலியைத் துண்டால் தட்டி, நடுவீட்டில் போட்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கடசில எந்தக் கையாலடி கையெழுத்துப் போட்டே?"

"பீச்சாங்கையால."

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உள்ளே போனாள். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குக்கூடவா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காபியோடு வந்தாள். எங்கள் வீட்டில் இடக்கையை நீட்டி எதையும் வாங்கினால் நடு மண்டையில் ஒரு குட்டு விழும். அது தெரிந்தே, வேண்டுமென்றே, இடக்கையை நீட்டினேன். அம்மா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு டம்ளரை அதில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடித்துவிட்டாள்.

"சூடா கீது. கெட்டியா புடி."